அகதி, பரதேசி, இடம்பெயர்ந்தோர்: சொல்லாக்கத்தில் மறையும் வினைமுதல்

1. முன்னுரை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே அலுவலகத்தில், ஒரே வகுப்பறையில், சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில் வழங்குகின்றன. இப்பகுதிகளில் வாழும் இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழாகவும் பள்ளிமொழி மலையாளமாகவும் உள்ளன. இப்பகுதி மாணவர்களுக்கான மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் மலையாளச் செய்தி ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் வந்த 'அகதிமந்திரம்' என்னும் சொல்லை ஒரு மாணவர் 'அகதிகள் முகாம்' என்று பெயர்த்தார். அதைக் கேட்ட இன்னொரு மாணவர், "எந்த நாட்டு அகதிகள்?" என்று வினவினார். மூலத்தில் வேற்று நாடு எதுவும் இல்லை. முதுமையில் துணையற்றுப்போன உள்ளூர்க்காரர் சிலர் தங்கியிருக்கும் இல்லத்தைப் பற்றிய செய்தி அது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையைத் திருத்துவது எளிது. ஆனால் அந்த வினா ஒரு பெரிய சிக்கலைத் தொட்டது. நாட்டையும் குடியுரிமையையும் இழந்தோரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள், அவ்விழப்பு எவரால் நேர்ந்தது என்பதைக் காட்டுகின்றனவா? அல்லது அதனை அம்மக்களின் இயல்பாகவோ அவர்களே செய்த செயலாகவோ காட்டுகின்றனவா? இக்கட்டுரை மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது. சான்றுகள் மூன்று முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றிலிருந்து கொள்ளப்படுகின்றன: மியன்மாரின் ரோஹிங்கியர், பாகிஸ்தான் குடிகளெனக் கருதப்பட்ட மலபார் முஸ்லிம்கள், 1990இல் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். இம்மூன்றாம் சமூகத்தார் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதால், அவர்களைக் குறிக்கும் சொல் தமிழுக்குள்ளேயே எழும் வழக்காகிறது.

2. 'அகதி'யும் 'நாடற்றோ'ரும்

'அகதி' என்பது 'கதி' என்னும் வடசொல்லோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த வடிவம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்குத் தரும் பொருள் ஆதரவற்றவர் என்பதே. மலையாளம் இப்பொருளை இன்றும் பேணுகிறது. வறியோர்க்கான கேரள அரசின் திட்டம் ஒன்று 'அகதிரஹித கேரளம்' எனப் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். தமிழில் இருபதாம் நூற்றாண்டில் பொருள் சுருங்கியது. 1942இலும் 1960களிலும் பர்மாவிலிருந்து வந்தோர், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோர் ஆகியோரைக் குறித்துத் தொடர்ந்து வழங்கியதால், 'பிற நாட்டிலிருந்து புகலிடம் தேடி வந்தவர்' என்னும் பொருள் முதன்மை பெற்றது எனக் கருதலாம். இப்பொருளுக்கு மலையாளம் 'அபயார்த்தி' என்னும் வேறு சொல்லை வைத்துள்ளது.

இவ்விரு சொற்களின் அமைப்பும் ஒப்புநோக்கத்தக்கது. 'அபயார்த்தி' என்பது அபயம் வேண்டுபவர். அவர் ஒரு செயலைச் செய்கிறார், ஓர் உரிமையைக் கேட்கிறார். 'அகதி' என்பது கதி இல்லாதவர். அவரிடம் ஒன்று இல்லை என்பதை மட்டுமே சொல் கூறுகிறது. ஆயினும் துரத்தியவர் யார் என்பது இரண்டிலும் இல்லை.

'நாடற்றோர்' என்னும் சொல்லில் இக்குறை இன்னும் ஆழமானது. 'அற்ற' என்பது அறு என்னும் வினையின் தன்வினை வடிவம். கயிறு அற்றது என்பது போல. இதன் பிறவினை 'அறுத்த' என்பது. கயிற்றை அறுத்தான் என்பது போல. நாடு தானே அற்றுவிட்டது என்று சொல் கூறுகிறது. அறுத்தவர் இருந்தார் என்று கூறவில்லை. ஆனால் சட்டத்தின் பார்வை இதற்கு மாறானது. நாடற்றோர் நிலை குறித்த 1954ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, எந்த அரசும் தன் சட்டத்தின் செயற்பாட்டின் கீழ்த் தன் குடியாகக் கருதாத ஒருவரையே இவ்வாறு வரையறுக்கிறது. அங்கே வினைமுதல் அரசு, வினை கருதாமை. மக்கள் அவ்வினையின் செயப்படுபொருள்.

'நாடு' என்னும் சொல்லின் இருபொருள் நிலையும் இடர் தருகிறது. தமிழில் அது நிலத்தையும் குறிக்கும்; அரசையும் குறிக்கும். ரோஹிங்கியர் அரக்கான் நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு ஊரும் வயலும் இடுகாடும் இருந்தன. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அது நடைமுறைப்படுத்தப்பட்ட முறையும் அவர்களுக்கு மறுத்தது நிலத்தையன்று, அரசின் ஏற்பினை. நிலத்தை இழந்தது பின்னர் நிகழ்ந்தது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்துக்குத் தப்பி ஓடினர். 'நாடற்றோர்' என்னும் ஒரு சொல்லால் இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துக் கூறும்போது, முன்னது பின்னதற்கு வழிவகுத்தது என்னும் காரண காரியத் தொடர்பு மறைகிறது. அவர்களுக்கு ஒருபோதும் நாடே இருந்ததில்லை என்னும் தவறான எண்ணமும் வாசகர் உள்ளத்தில் எழுகிறது. 'வங்காளிகள்' என்று மியன்மார் அரசு அவர்களைச் சுட்டிவந்ததன் உட்கருத்தும் அதுவே. கருத்தளவில் அதனை ஏற்காத மொழிபெயர்ப்பாளரும் சொல்லளவில் அதற்குத் துணைபோக நேர்கிறது.

சொல்லை மாற்றுவதால் மட்டும் நிலை மாறுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர், 'இலங்கை அகதிகள் முகாம்' என்பது இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என அழைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவுக் குறிப்பு நீங்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் முகாமில் வாழ்வோருக்குக் குடியுரிமை கிட்டிவிடவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1954ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலோ இணையவில்லை. ஆகவே 'அகதி' என்பது இங்கே பேச்சுவழக்கில் நிலைபெற்ற சொல்லே தவிர, உரிமை தரும் சட்டச் சொல்லன்று.

3. 'பரதேசி'யும் 'குடிபெயர்தலும்'

எல்லைப் பகுதி மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்யும் இரண்டாம் சொல் 'பரதேசி'. இரு மொழிகளுக்கும் பொதுவான இச்சொல் வேற்று நாட்டார் என்னும் பொருளில் தொடங்கியது. கொச்சியில் பரதேசி யூதர், பரதேசி யூதக்கோயில் என்னும் வழக்குகள் இப்பொருளைக் காட்டுகின்றன. தமிழ்ப் பேச்சில் அது இரந்துண்டு திரிபவரைக் குறித்து, பின்னர் வசைச்சொல்லாகவும் ஆயிற்று.

இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இரு திரைப்படங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 2013இல் வெளிவந்த பாலாவின் தமிழ்ப் படம் தேயிலைத் தோட்டத்தில் சிக்குண்ட கூலித் தொழிலாளர்களைப் பற்றியது. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய புதினம் அதற்கு அடிப்படை. அங்கே 'பரதேசி' ஏதிலியைக் குறிக்கிறது. 2007இல் வெளிவந்த பி.டி. குஞ்ஞு முகம்மதுவின் மலையாளப் படமோ, பிரிவினைக்கு முன் பிழைப்புக்காகக் கராச்சி சென்று பாகிஸ்தான் கடவுச்சீட்டுடன் திரும்பி, சொந்த ஊரிலேயே அயல்நாட்டார் எனக் கருதப்பட்ட மலபார் முஸ்லிம் ஒருவரைப் பற்றியது. அங்கே 'பரதேசி' ஒரு சட்டநிலையைக் குறிக்கிறது. மலையாளத் தலைப்பைத் தமிழ்ப் பொருளில் வாசிப்பவர், ஓர் ஏழையின் கதையை எதிர்பார்த்து, குடியுரிமை பறிக்கப்பட்டவரின் கதையைத் தவறவிடுவார்.

அப்படம் சுட்டும் வரலாறு பாலக்காட்டுக்கு அயலானதன்று. இன்றைய மலப்புறம் மாவட்டத்தின் பெரிந்தல்மண்ணைப் பகுதியும் பொன்னானியைச் சார்ந்த பகுதிகளும் 1969 வரை பாலக்காடு மாவட்டத்தில் இருந்தன. மலபாரிலிருந்து தேநீர்க்கடை வேலைக்கும் சிறுவணிகத்துக்கும் கராச்சி சென்றோர் பலர். சென்றபோது அது வேறு நாடன்று. பம்பாய்க்குப் போவது போன்றதே. 1947க்குப் பின் ஊர் திரும்பக் கடவுச்சீட்டு வேண்டியதாயிற்று. கையில் கிடைத்தது பாகிஸ்தான் கடவுச்சீட்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையொட்டி எழுந்த விதிகள், பிற நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற்றிருத்தலை அந்நாட்டுக் குடியுரிமையைத் தன்விருப்பால் பெற்றமைக்கு முடிவான சான்றாகக் கொண்டன. அப்போது நடப்பிலிருந்த 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தின் கீழ் வழக்குகள் தொடரப்பட்டன. எல்லையைக் கடந்தது ஊருக்கு வருவதற்காக. ஊருக்கு வர உதவிய ஆவணமே ஊரிலிருந்து விலக்கும் சான்றாயிற்று.

இவ்வழக்குகளுள் ஒன்று மொழியியலார் கருத்தில் கொள்ளத்தக்கது. கேரள அரசு எதிர்வாதியாக இருந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966இல் அளித்த தீர்ப்பு ஒரு வினைச்சொல்லின் பொருளைப் பற்றியது. 1947 மார்ச் 1க்குப் பின் இந்திய நிலப்பகுதியிலிருந்து பாகிஸ்தான் நிலப்பகுதிக்கு 'மைக்ரேட்' செய்தவர் இந்தியக் குடியாகக் கருதப்பட மாட்டார் என்பது அரசமைப்பின் 7ஆம் உறுப்பு. அவ்வினைக்கு நிலையாகக் குடியிருக்கும் நோக்கத்துடன் செல்லுதல் என்று முந்தைய தீர்ப்பு ஒன்று பொருள் கண்டிருந்தது. 1966ஆம் ஆண்டின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதனை மறுத்தது. தன்விருப்பால் ஒரு நிலப்பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல் போதும். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காகக் குறுகிய காலம் சென்றதாக இருத்தல் கூடாது. நிலையாகத் தங்கும் நோக்கம் தேவையன்று என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பைத் தமிழில் எழுத முற்படும்போது ஓர் உண்மை புலனாகிறது. நீதிமன்றம் வாதிட்டு வேறுபடுத்திய இரு பொருள்களுக்கும் தமிழில் இரு சொற்கள் ஏற்கெனவே உள்ளன. குடியை, அதாவது வாழ்விடத்தையும் குடும்ப இருப்பையும் மாற்றிக்கொள்ளுதல் 'குடிபெயர்தல்'. இருக்கும் இடத்தை விட்டு மற்றோரிடம் செல்லுதல் 'இடம்பெயர்தல்'. முந்தைய தீர்ப்பின் பொருள் முன்னது. 1966ஆம் ஆண்டின் பொருள் பின்னதை நெருங்கியது. கராச்சியில் தேநீர் ஆற்றச் சென்ற இளைஞர் இடம்பெயர்ந்தார், குடி பெயரவில்லை. அவருடைய குடி மலபாரிலேயே இருந்தது. இவ்விரு சொற்களையும் ஒன்றன் பொருளில் மற்றொன்றாகக் கலந்து எழுதும் மொழிபெயர்ப்பு, ஒருவருடைய குடியுரிமை எந்த இடத்தில் கைநழுவியதோ அந்த இடத்தையே அழித்துவிடுகிறது. சட்டநூல்களைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டைக் காத்தல் இன்றியமையாதது.

4. 'இடம்பெயர்ந்தோர்'

மூன்றாம் சொல் ஆங்கிலத்தின் 'டிஸ்பிளேஸ்டு' என்பதற்கு நேராகத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலச் சொல் செயப்பாட்டுப் பெயரெச்ச வடிவம். செய்தவர் பெயர் சொல்லப்படாவிடினும் அதற்குரிய இடம் அவ்வடிவத்தில் உண்டு. தமிழ்ச் சொல்லோ 'பெயர்ந்த' என்னும் தன்வினையை அடியாகக் கொண்டது. கு. பரமசிவம் தமிழ் வினைகளை இயங்குவினை, இயக்குவினை எனப் பகுத்து விளக்கினார். அப்பகுப்பின்படி 'பெயர்ந்த' இயங்குவினை; 'பெயர்த்த' இயக்குவினை. பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்:

(1) முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தனர்.
(2) முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்க்கப்பட்டனர்.
(3) விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றினர்.

(1)இல் 'தாமாகவே' என்னும் அடையைச் சேர்க்கலாம். (2)இலும் (3)இலும் சேர்த்தால் பொருள் முரண்படும். (2)ஐக் கேட்டவர் 'யாரால்?' என வினவ இலக்கணம் இடந்தருகிறது. (1)ஐக் கேட்டவர் அவ்வாறு வினவ இயலாது. 'ஏன்?' என்று மட்டுமே வினவலாம். அவ்வினாவுக்குப் போர், சூழ்நிலை, அச்சம் என எதனையும் விடையாகக் கூறலாம்.

நிகழ்ந்தது என்ன? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அது அக்டோபர் 30 அன்று நிகழ்ந்தது. ஒலிபெருக்கியில் அழைத்து ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி, நகரை விட்டு வெளியேற இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. பணமும் நகையும் பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏறத்தாழ 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் வாழத் தொடங்கினர். இதனை (1)ஆல் கூறுவது பிழையான செய்தி ஆகாது. அவர்கள் இடம் மாறியது உண்மையே. ஆனால் அது அரைச் செய்தி.

இதே நகரத்தின் வரலாற்றில் இதே நாளில் நிகழ்ந்த மற்றொன்று இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தும். 1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிவந்த வேளையில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். புலிகளின் வற்புறுத்தலும் அதில் இருந்தது. அந்நிகழ்வை யாழ்ப்பாணத்தார் 'இடப்பெயர்வு' என்றே நினைவுகூர்கின்றனர். அவ்விடப்பெயர்வின் துயரமும் பெரிது. ஆயினும் அதற்குப் பின் சில மாதங்களில் பலர் வீடு திரும்பினர். ஓர் இனத்தார் என்பதற்காக அவர்கள் தம் ஊரில் இருத்தல் தடுக்கப்படவில்லை. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே நாளில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் ஒரே சொல்லை வழங்கினால், அவற்றின் வேறுபாட்டைக் கூற மொழியிடம் வழியின்றிப் போகும்.

வெளியேற்றப்பட்டோர் பெரும்பாலும் 'வெளியேற்றம்' என்னும் சொல்லை வழங்குகின்றனர். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. வெளியேறு என்பதிலிருந்தும் வெளியேற்று என்பதிலிருந்தும் பிறக்கும் தொழிற்பெயர் ஒன்றே. 'மக்கள் வெளியேற்றம்' என்னும் தலைப்பு, மக்கள் தாமே சென்றதையும் குறிக்கலாம். பிறர் துரத்தியதையும் குறிக்கலாம். பேசுவோருக்கு ஐயமில்லை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வாசிப்போருக்கு ஐயம் எழும். இவ்வெளியேற்றத்தைப் பற்றி ஆராய்ந்து 2011இல் அறிக்கை அளித்த குடிமக்கள் ஆணைக்குழுவின் ஆங்கிலப் பெயர், வெளியேற்றியவர், வெளியேற்றப்பட்டவர், இடம், மாதம், ஆண்டு ஆகிய அனைத்தையும் தன்னுள் கொண்டது. அதனைத் தமிழில் 'முஸ்லிம்கள் இடப்பெயர்வு ஆணைக்குழு' எனச் சுருக்கினால் பெயர் குறுகும். ஆணைக்குழு அமைந்த காரணமும் அதனோடு போய்விடும். '1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் முஸ்லிம்கள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டமை குறித்த ஆணைக்குழு' என்பதே நேரான பெயர்ப்பு.

சொல்லின் விளைவு நினைவோடு நிற்பதில்லை. 2009இல் போர் முடிந்தபின், போரின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்' என்றும், 1990ஆம் ஆண்டினர் 'பழையவர்' என்றும் நிர்வாகத்தில் பகுக்கப்பட்டனர். கால அடிப்படையிலான இப்பகுப்பு நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால் உதவியில் முன்னுரிமை புதியவர்க்கே கிட்டியது. அடுத்து, திரும்பிச் சென்றோர் நிலை. ஊர் திரும்புதலுக்கு வழங்கும் 'மீள்குடியேற்றம்' என்னும் சொல்லில் 'மீள்' என்னும் ஒரு பகுதியே பழைய உரிமையைத் தாங்கி நிற்கிறது. மன்னாரின் மறிச்சுக்கட்டிப் பகுதியில், வில்பத்து வனத்தை அடுத்துத் திரும்பிக் குடியமர்ந்தோர் குறித்து 2015இல் எழுந்த விவாதத்தில் அவர்கள் காட்டை ஆக்கிரமித்த புதுக் குடியேறிகளாகச் சித்திரிக்கப்பட்டனர். காடு அழிக்கப்பட்டது சட்டப்படி சரியா என்பது வேறு வினா; அது சட்டத்துக்கு முரணானது என இலங்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆனால் அம்மக்கள் எங்கிருந்து, யாரால், எப்போது வெளியேற்றப்பட்டனர் என்பது சொல்லில் இல்லாதபோது, திரும்பி வருபவரையும் புதிதாக வருபவரையும் கேட்போர் வேறுபடுத்த இயலாது.

5. மாற்றுக் கருத்துகள்

இவ்வாய்வுக்கு எதிராக மூன்று கருத்துகள் எழலாம். முதலாவது, 'இடம்பெயர்ந்தோர்' என்பது நிலைபெற்றுவிட்ட சொல். அதனை மாற்ற முயலுதல் வீண் என்பது. வழக்கின் வலிமையை மொழியியல் மறுப்பதில்லை. வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் ஊர்விட்டோரைக் குறிக்க அச்சொல் முற்றும் பொருந்தும். இடுக்கியில் 2018 வெள்ளத்தின்போது வீடிழந்தோருக்கு வேறு சொல் தேவையில்லை. அங்கே வினைமுதலாக மனிதர் எவரும் ஆணையிடவில்லை. ஆணையிட்டவர் இருக்கும் இடத்தில் மட்டுமே வேறு சொல் வேண்டப்படுகிறது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் நடுநிலையாளர். குற்றம் சாட்டுதல் அவர் பணியன்று என்பது. செயப்பாட்டு வினையை இயங்குவினையாக மாற்றுவதும் ஒரு தேர்வே, அது நடுநிலையன்று. மூலத்தில் வினைமுதலுக்கு உள்ள இடத்தைப் பெயர்ப்பில் அடைத்துவிடுவது ஒரு தரப்புக்கு ஆதரவாகவே முடியும்.

மூன்றாவது கருத்து வலிமையானது. புத்தளத்து மக்கள் தம்மை 'அகதி' என்றே சொல்லிக்கொண்டனர். சர்வதேசச் சட்டப்படி நாட்டெல்லையைக் கடக்காதவர் அகதி ஆகார். சட்டம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லைத் திருத்தி 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என எழுதுவார். இங்கே திருத்தம் தவறு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவர்கள் 'அகதி' என்றது பேரகராதி கூறும் பழம்பொருளில், மலையாளம் இன்றும் காக்கும் பொருளில்: போக்கிடம் இல்லாதவர். சான்றுரைகளைப் பெயர்ப்போர் பேசியவரின் சொல்லைக் காக்க வேண்டும். சட்ட ஆவணங்களைப் பெயர்ப்போர் சட்டத்தின் சொல்லைக் காக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குதல் இருவருக்கும் பிழை.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. 'ஸ்டேட்லெஸ்' என்னும் சட்டநிலையைக் குறிக்க 'நாடற்றோர்' என்பதனினும் 'குடியுரிமை ஏற்கப்படாதோர்' என்பது 1954ஆம் ஆண்டின் வரையறைக்கு நெருங்கியது. ஆணையாலோ படைவலியாலோ அகற்றப்பட்டோரை 'வெளியேற்றப்பட்டோர்' என்றும், காரணர் தெளிவாக இருந்து பெயர் கூறப்படாதவிடத்து 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்றும் குறிக்கலாம். 'குடிபெயர்தல்', 'இடம்பெயர்தல்' ஆகியவற்றைச் சட்டத் தமிழில் வேறுபடுத்தி வழங்கல் வேண்டும். 'அகதி', 'பரதேசி' போன்ற பொதுச் சொற்களுக்குத் தமிழ்–மலையாள ஒப்பீட்டு அகராதிகளில் தனிக்குறிப்பு தேவை.

'ஏற்கப்படாதோர்', 'இடம்பெயர்க்கப்பட்டோர்' முதலியன நீண்ட சொற்கள். தலைப்புச் செய்திக்கு இடர் தருவன. ஆயினும் 'பெயர்' என்னும் இதே வினையை நாம் நம் தொழிலுக்கு வழங்கும்போது 'மொழிபெயர்ந்த நூல்' என்று எழுதுவதில்லை. 'மொழிபெயர்க்கப்பட்ட நூல்' என்றே எழுதுகிறோம். தொல்காப்பிய மரபியலும் வழிநூல் வகையைக் கூறுமிடத்து 'மொழிபெயர்த்து' என இயக்குவினையையே ஆள்கிறது. நூல் தானாக மொழி மாறுவதில்லை, பெயர்த்தவர் ஒருவர் உண்டு, அவர் பெயர் முகப்பில் இருத்தல் வேண்டும் என்பதில் மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கு ஐயமில்லை. நூலுக்கு நாம் காட்டும் இந்த இலக்கணக் கவனம், வீட்டிலிருந்து பெயர்க்கப்பட்ட மனிதருக்கும் உரியதாதல் வேண்டும்.